ஓய்வு நாளும் சூதாடு களமும்

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது இன்று எல்லார்க்கும் இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால் அஃது எளிதிற் கிடைத்ததன்று. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டமே வாரந்தோறும் ஒரு முழு நாளைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. 2023 சனவரி முதல் வார வேலை நேரமும் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இவ்வாறு பெற்ற நாளை எவ்வாறு கழிப்பது என்பதில் மனிதர் பலவகையினர். கோயிலுக்குச் செல்வார் உண்டு. கடற்கரைக்குச் செல்வார் உண்டு. வீட்டு வேலைகளை முடித்து அயர்ந்து உறங்குவாரும் உண்டு. அந்த ஒரு நாளைச் சூதாட்ட மாளிகையில், போக்கர் என்னும் சீட்டுப் போட்டியின் மேசை முன்னே செலவிடுவாரும் இன்று உளர்.

பினாங்கு மாநிலத்தில் சட்டம் ஒப்புக்கொண்ட சூதாட்ட மாளிகை எதுவும் இல்லை. எனினும் ஜார்ஜ் டவுனிலிருந்து பயணம் செய்து ஆடி வருவோர்க்கு வழி உண்டு. அவர்களுள் பலர், "இது சூதன்று, அறிவுப் போட்டி" என்பர். இக்கூற்று முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. இதில் மெய் எவ்வளவு என்பதைத் தமிழ் நூல் மரபு கொண்டும், பினாங்கின் வரலாறு கொண்டும், எளிய கணக்குக் கொண்டும் ஆராய்ந்து பார்ப்போம்.

சொற்கள் காட்டும் செய்தி

சூதாட்டம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்திலேயே 'வல்' என்னும் சொல்லுக்குப் புணர்ச்சி விதி கூறப்பட்டுள்ளது. வல் என்பது ஒருவகைச் சூதாட்டக் கருவி. அச்சொல், 'நாய்', 'பலகை' என்னும் சொற்களோடு சேரும்போது எவ்வாறு நிற்கும் என்பதை ஆசிரியர் தனியே எடுத்துரைக்கிறார். ஈண்டு நாய் என்பது வீட்டைக் காக்கும் விலங்கன்று. ஆட்டத்தில் நகர்த்தப்படும் காய். புறநானூற்றின் 52ஆம் பாட்டிலும் இந்த நாய் வருகின்றது. பாழடைந்த பொதுமன்றத்தில், நரைத்த முதியோர் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன இடம் அங்கே கூறப்படுகிறது. கல்லும் மண்ணும் குழியும் அளவு ஆடியிருக்கின்றனர் என்றால், அவர்கள் அங்கே கழித்த காலம் எவ்வளவு என்பதை நாம் உய்த்துணரலாம்.

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் 'சூது'. கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே அதனை வைத்திருக்கும் முறை கருதத்தக்கது. அவ்வதிகாரத்தில் வரும் இரண்டு சொற்கள் ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்க வேண்டியவை. ஒன்று 'கழகம்'. இன்று அச்சொல் சங்கத்தையும் கட்சியையும் கல்வி நிலையத்தையும் குறிக்கின்றது. ஆனால் இவ்வதிகாரத்தில் அது சூதாடும் களம். மற்றொன்று 'கை'. இங்கே கை என்பது உடலின் உறுப்பைக் குறிப்பதன்று. ஆடும் திறமையைக் குறிப்பது. பரிமேலழகரும் அதனை ஆடுதற்கு வேண்டும் கைத்தொழில் என்றே கொள்கிறார். காயை உருட்டும் கருவியையும், ஆடும் களத்தையும், தம் கைத்திறத்தையும் நம்பிப் பெருமிதம் கொண்டு விடாது ஆடியவர் பொருளற்றுப் போயினர் என்பது 935ஆம் குறளின் கருத்து.

ஆகவே, சூதில் திறமையே இல்லை என்று வள்ளுவர் கூறவில்லை. திறமை உண்டு என்பதை அறிந்தே அவர் எச்சரிக்கிறார். மேலும், அதிகாரத்தின் முதற் குறளில் அவர் எச்சரிப்பது தோற்றவனை அன்று, வென்றவனை. வந்த வெற்றி மீனுக்கு வைத்த இரை போன்றது என்பது அவர் முடிபு. 'இது திறமைப் போட்டி' என்னும் இக்கால வாதத்தை ஆராய்வார்க்கு இவ்விரண்டு கருத்துகளும் நல்ல கருவிகளாகும்.

பினாங்கு கண்ட சூது

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனிக்காகக் கைக்கொண்டார். சுங்கவரி வாங்காத துறைமுகமாக அதனை நடத்த வேண்டியிருந்தமையால், ஆட்சிச் செலவுக்கு வேறு வழி தேடினர். அதுவே குத்தகை முறை. அபின், சாராயம் முதலியவற்றை விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டு, மிகுதியாகக் கேட்டவர்க்குக் கொடுத்தனர். குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே சூதாட்டக் களம் நடத்தும் உரிமையும் இவ்வாறு ஏலம் போயிற்று. ஆளுவோர்க்கு ஆண்டுத் தொகை உறுதி. குத்தகைக்காரர்க்கு அதற்கு மேல் வருவதெல்லாம் இலாபம். ஆடுவோர் மட்டுமே உறுதி ஏதும் இன்றி நின்றனர்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பினாங்கில் சூதாட்டக் குத்தகை கைவிடப்பட்டது. சிங்கப்பூரில் அது 1829இல் நின்றது. ஆயின் மலாய் மாநிலங்களின் ஈயச் சுரங்க ஊர்களில் 1910களின் தொடக்கம் வரை நீடித்தது. அங்கே சுரங்க முதலாளிகள் சிலரே குத்தகைக்காரராகவும் இருந்தனர். தொழிலாளி பெற்ற கூலி, சுரங்கத்திற்கு அருகிலிருந்த சூதாட்டக் கொட்டகை வழியாக முதலாளியின் பெட்டிக்கே திரும்பிற்று. கடன்பட்டவன் ஊர் திரும்ப இயலாது மீண்டும் சுரங்கத்தில் இறங்கினான். கூலியைக் கொடுத்த கையே அதனை வாங்கிக்கொண்ட இவ்வரலாறு நினைவில் இருத்தத்தக்கது.

குத்தகை நின்றதனால் ஆட்டம் நின்றுவிடவில்லை. 'சாப் ஜி கீ' என்னும் பன்னிரண்டு எண் ஆட்டம் மறைவாக வீடு வீடாகப் பரவியது. பன்னிரண்டில் ஓர் எண்ணைக் குறித்தவர்க்கு அது விழுந்தால் பந்தயத்தின் பத்து மடங்கு கொடுக்கப்பட்டது. மற்றொரு பக்கம் குதிரைப் பந்தயம் வெளிப்படையாக வளர்ந்தது. 1864இல் தோன்றிய பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகம் நூற்றாண்டுக்கு மேல் நடந்து, 2025 மே இறுதியில் தன் கடைசிப் பந்தயத்தை ஓட்டியது. சிங்கப்பூரின் கடைசிப் பந்தயம் அதற்கு முன்பே, 2024 அக்டோபர் 5ஆம் நாள் முடிந்தது. திடல்கள் மூடப்பட்டன, ஆனால் நான்கு எண் கடைகள் உள்ளன, கைப்பேசியும் உள்ளது. களம் மாறியதே அன்றி ஆட்டம் மறையவில்லை.

மலைமேல் ஒரு மாளிகை

மலேசியாவில் சட்டம் ஒப்புக்கொண்ட சூதாட்ட மாளிகை ஒன்றே. அது பகாங், சிலாங்கூர் எல்லையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் உள்ள கெந்திங் மலையில் இருக்கின்றது. லிம் கோ தோங் என்பார் அம்மலைக்குச் சாலை அமைத்து விடுதி கட்டினார். 1969இல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அங்கே அடிக்கல் நாட்டினார். 1971இல் முதல் விடுதி திறக்கப்பட்டது. முஸ்லிம்களும் 21 வயது நிரம்பாதவர்களும் அதன் ஆட்டக்கூடத்தினுள் செல்லுதல் கூடாது.

ஜார்ஜ் டவுனிலிருந்து அவ்விடம் 350 கிலோமீட்டருக்கு மேல். போகவும் வரவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், ஓய்வு நாளின் பகற்பொழுது பயணத்திலேயே கரையும். தெற்கே சிங்கப்பூரில் 2010இல் இரண்டு மாளிகைகள் தோன்றின. அந்நாட்டு அரசு தன் குடிமக்கள் உள்ளே செல்ல ஒரு நாளுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி கட்டணம் விதித்தது. 2019இல் அதனை 150 ஆக்கியது. வெளிநாட்டார்க்கு அக்கட்டணம் இல்லை. தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாயிலில் தடுப்பு வைத்து விருந்தினர்க்கு மட்டும் கதவு திறந்த அந்த ஏற்பாடே, உள்ளே விற்கப்படும் பொருள் எத்தகையது என்பதைச் சொல்லாமற் சொல்லும்.

போட்டி நடக்கும் முறை

போக்கர் பலவகைப்படும். இன்று போட்டிகளில் பெரிதும் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம் என்னும் வகை. 52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு. ஒவ்வொருவர்க்கும் பிறர் காணாதபடி இரண்டு சீட்டு. பின்னர் மேசை நடுவே முதலில் மூன்று, அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தைக் கொண்டு ஒப்பிடுவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், உயர்த்தலாம், விலகிக்கொள்ளலாம். எதிராளி உயர்த்தும்போது அவரிடம் உண்மையில் நல்ல சீட்டு உண்டா, அச்சுறுத்துகிறாரா என்று மதிப்பிட வேண்டும். இங்கேதான் திறமை இடம்பெறுகிறது.

சூதாட்ட மாளிகையின் மற்ற ஆட்டங்களுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சுழல் சக்கரத்தில் ஆடுபவர் மாளிகையை எதிர்த்து ஆடுகிறார். ஒற்றைச் சுழியுள்ள சக்கரத்தில் 37 குழிகள். வென்றவர்க்குக் கொடுப்பதோ 36 குழிகள் இருப்பதுபோற் கணக்கிட்டு. எனவே கட்டிய தொகையில் 37இல் ஒரு பங்கு, அஃதாவது நூற்றுக்கு 2.7, சராசரியாக மாளிகைக்குச் சேரும். போக்கரில் ஆடுவோர் தமக்குள் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுகின்றனர். மாளிகை வெற்றி தோல்வியில் கலவாது. இடம் கொடுத்ததற்குக் கட்டணம் மட்டும் பெறும்.

போட்டியில் ஒவ்வொருவரும் நுழைவுத் தொகை செலுத்தி, ஒரே அளவான வில்லைகளைப் பெறுவர். அவ்வில்லைகளைப் பணமாக மாற்றிக்கொள்ள இயலாது. அவை தீர்ந்தால் வெளியேற வேண்டும். சில போட்டிகளில் மறுபடியும் பணம் கட்டி உள்ளே வரலாம். ஒவ்வொரு சுற்றிலும் முறைப்படி இருவர், சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயப் பந்தயம் வைக்கவேண்டும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை அத்தொகை உயர்ந்துகொண்டே போகும். நல்ல சீட்டுக்காகப் பொறுமையுடன் காத்திருப்பவரின் வில்லைகள் இதனால் தேயும். இரண்டு ஏஸ் கிடைக்கும் வாய்ப்போ 221இல் ஒன்றுதான். ஆகவே போட்டியின் பிற்பகுதியில், உள்ளதெல்லாம் வைத்து ஆடும் நிலை எல்லார்க்கும் வருகின்றது. அப்போது இருவர் கையில் உள்ள சீட்டுகளின் வலிமை பல வேளைகளில் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். பல மணி நேரம் காட்டிய திறமையின் பயன், அடுத்துத் திறக்கும் ஒரு சீட்டைப் பொறுத்ததாகிவிடும்.

கணக்குச் சொல்வது யாது?

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு போட்டியில் 100 பேர் சேர்கின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் செலுத்துவது 330 வெள்ளி. அதில் 300 பரிசுக்கு, 30 நடத்துவோர்க்கு. பரிசுத் தொகை 30,000 வெள்ளி. நடத்துவோர் பெறுவது 3,000 வெள்ளி. முதல் 12 இடங்களுக்குப் பரிசு என்று வைத்துக்கொண்டால், 88 பேர் வெறுங்கையோடு திரும்புவர்.

உள்ளே வந்தது 33,000. வெளியே போனது 30,000. ஆடியவர் அனைவரையும் ஒரு குடும்பமாக எண்ணினால், அக்குடும்பம் ஒரு நாளில் 3,000 வெள்ளி இழந்தது. யார் எவ்வளவு திறமையோடு ஆடினாலும் இத்தொகை மாறாது. திறமை, எஞ்சிய பணத்தை ஆடுவோரிடையே பங்கிடுமே அன்றிப் பணத்தைப் படைக்காது. உழவனின் திறமை நெல்லைப் பெருக்கும். தச்சனின் திறமை மரத்தைக் கட்டிலாக்கும். சீட்டாடுவோன் திறமை, பக்கத்திலிருப்பவன் பையிலுள்ளதைத் தன் பைக்கு மாற்றும் அவ்வளவே.

மாதத்தில் ஓர் ஓய்வு நாள் இத்தகைய போட்டிக்குச் செல்பவரைக் கருதுவோம். மற்றவர்க்குச் சமமான திறமை உடையவராயின், ஒரு போட்டியில் பரிசு பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 12. ஓராண்டில் 12 போட்டிகள் ஆடியும் ஒரு பரிசும் பெறாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 22. அவர் செலுத்துவது 3,960 வெள்ளி. சராசரியாகத் திரும்பி வருவது 3,600. பயணம், உணவு, தங்குமிடம் ஆகியவற்றின் செலவு இதிற் சேரவில்லை. இனி, அவர் மிகுந்த திறமையுடையவர். வாய்ப்பு இருமடங்கு என்றே கொள்வோம். அப்போதும் நூற்றுக்கு 76 தடவை அவர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார். திறமை தன்னைக் காட்டிக்கொள்ள நூற்றுக்கணக்கான போட்டிகள் வேண்டும். அதனை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்க்கே அவ்வளவு நாட்கள் உண்டு. ஓய்வு நாளில் செல்பவர், நாளெல்லாம் அதே வேலையாய் இருப்பவரோடு அமர்ந்து ஆடுகிறார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

அவ்வாறாயின் இத்தனை பேரை இழுப்பது யாது? ஒருவர் வென்ற செய்தியே. 2003இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் கிரிஸ் மணிமேக்கர் என்னும் கணக்கர், இணையத்தில் சிறு தொகைக்கு ஆடிப் பெற்ற நுழைவைக் கொண்டு, 25 இலட்சம் டாலர் வென்றார். அதன்பின் உலகெங்கும் இவ்வாட்டம் பெருகியது. அப்போட்டியில் ஆடியவர் 839 பேர். பரிசு பெற்றவர் 63 பேர். எஞ்சிய 776 பேரின் பெயரைச் சொல்வாரில்லை. வள்ளுவர் குறித்த இரை இதுவே. அஃது ஆடுபவன் தானே பெற்ற வெற்றியாகவும் இருக்கலாம். கடல் கடந்து வந்த செய்தியாகவும் இருக்கலாம்.

திறமையும் சட்டமும்

திறமையா, நற்பேறா என்னும் வழக்கு நீதிமன்றங்களையும் எட்டியுள்ளது. தமிழ்நாடு அரசு 2022இல் இயற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம், ரம்மியையும் போக்கரையும் நற்பேற்று ஆட்டங்களாக வகுத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், சட்டத்தை ஏற்றும், அவ்விரண்டு ஆட்டங்களும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அப்பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நடுவண் அரசு நிறைவேற்றிய சட்டமோ, திறமை ஆயினும் நற்பேறு ஆயினும், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம் இச்சிக்கலை வேறு வகையாகத் தீர்த்தது. நற்பேற்றால் மட்டும் நிகழும் ஆட்டமும், நற்பேறும் திறமையும் கலந்த ஆட்டமும், பணத்திற்காக ஆடப்படின் சூதே என்பது அதன் வரையறை. அறியாமலே அது வள்ளுவரின் 'கை' என்னும் சொல்லை ஒட்டி நிற்கின்றது.

ஒரு நாளின் விலை

பணம் மட்டும் போவதாயின் அதனைப் பொழுதுபோக்கின் செலவு என்று கூறி முடிக்கலாம். திரைப்படம் பார்ப்பவரும் செலவிடுகிறார். ஆயின் திரைப்படத்தில் செலவு முன்பே தெரியும். இழந்ததை மீட்க அன்றிரவே மீண்டும் அதே படத்தைப் பார்ப்பார் இலர். சூதிலோ இழப்பே ஆசையை வளர்க்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாற்றைப் பழக்க அடிமை நோய்களோடு சேர்த்துள்ளது. இழக்க இழக்க விருப்பம் மிகும் என்று சூது அதிகாரத்தின் கடைசிக் குறள் கூறும் குறியே அந்நோயின் குறிகளுள்ளும் காணப்படுகிறது. மலேசிய நகரங்களில் விளக்குக் கம்பம் தோறும் ஒட்டப்பட்டிருக்கும் வட்டிக்காரர் விளம்பரங்களும், 'ஆலோங்' என்னும் பெயரைக் கேட்டதும் குடும்பங்கள் அஞ்சும் அச்சமும் அந்நோயின் பின்விளைவை நன்கு அறிந்தவை.

பினாங்கில் 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் வேலைக்குச் சென்றனர். முறைமாற்று வேலையில் இருப்பவர்க்கு ஓய்வு நாள் ஒரு வாரம் செவ்வாய், மறு வாரம் வெள்ளி என மாறிவரும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் தந்தையின் ஓய்வும் ஒன்றாக வரும் நாள் மாதத்தில் ஒன்றிரண்டே. அந்நாள் மேசைக்குச் சென்றால், பரிசு பெற்று வந்தாலும் அந்நாளை மீட்க முடியாது. வெற்றியையும் விரும்பவேண்டா என்று வள்ளுவர் கூறியதன் பொருள் இங்கே மிகத் தெளிவாக விளங்கும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

சூது அதிகாரத்தைப் பொருள் கூறி மனப்பாடம் செய்வித்தால் மட்டும் போதாது. அதனோடு ஒரு கணக்குப் பாடத்தையும் சேர்க்கலாம். 24 மாணவர்க்கு ஆளுக்கு 20 புளியங்கொட்டை கொடுத்து, ஒரு பெட்டியில் 1 முதல் 12 வரை எழுதிய தாள்களை இட்டு, சாப் ஜி கீ கணக்கில் 20 சுற்று நடத்துக. சுற்றுக்கு ஒவ்வொருவரும் ஒரு கொட்டை வைத்து ஓர் எண் கூறவேண்டும். எண் விழுந்தால் பத்துக் கொட்டை. வென்ற கொட்டைகளைத் தனியே வைத்துக்கொள்ளச் செய்க. பரிசு எதுவும் அறிவிக்கலாகாது; முடிவில் கொட்டைகளைத் திரும்பப் பெறுக.

வைக்கப்படும் 480 கொட்டைகளில் சராசரியாக 80 பெட்டியில் தங்கும். நால்வர் அளவில் ஒன்றும் இன்றி நிற்பர். ஐந்தாறு பேர் இருபதுக்கு மேல் வைத்திருப்பர். வகுப்பில் உரத்துப் பேசுபவர் அந்த ஐந்தாறு பேரே. தம் எண்ணை எவ்வாறு தேர்ந்தெடுத்தோம் என்று காரணமும் கூறுவர். அப்போது ஆசிரியர் கேட்கவேண்டிய வினா ஒன்றே: "பெட்டியில் இருக்கும் கொட்டைகள் யாருடையவை?" அவ்வினாவுக்கு மாணவர் தாமே எண்ணி விடை கூறியபின், 94ஆம் அதிகாரத்தைத் திறந்து முதற் குறளைப் படிக்கச் செய்யலாம்.